சிங்கப்பூருக்கு ஒரு மூட்டை புழுங்கலரிசி

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சயாம் அரிசியும் பர்மா அரிசியும் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிற சிங்கப்பூருக்கு, தஞ்சாவூரிலிருந்து ஒரு மூட்டை புழுங்கலரிசியைக் கட்டிக்கொண்டு போனவன் நான். ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. சிங்கப்பூர் என்றதும் மற்றவர்களுக்குத் துறைமுகமும் விளக்குகளும் ஞாபகத்துக்கு வரும். எனக்கு ஒரு கைக்குழந்தையின் முகம்தான் வருகிறது.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். உணவு விஞ்ஞானம் என்றால் அன்றைக்கு ஊரில் யாருக்கும் விளங்காது. என் மாமனார், "மாப்பிள்ளைக்கு நெல் அவிக்கிற ஆபீசில் வேலை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொய் எதுவும் இல்லை. நெல்லை ஊறப்போட்டு, அவித்து, காயவைத்து அரைத்தால் புழுங்கலரிசி. அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற சத்து அரிசிக்குள் இறங்கிவிடும். பச்சரிசியை மில்லில் வெள்ளைவெளேரென்று தீட்டினால் அந்தச் சத்து தவிட்டோடு வெளியே போய்விடும். வெறும் வெள்ளை அரிசியையே தின்று காலம் தள்ளுகிறவர்களுக்குக் கால் மரத்துப்போகும், உடம்பில் நீர் கோக்கும், கடைசியில் நெஞ்சு நின்றுபோகும். பெரிபெரி என்று அதற்குப் பெயர்.

புழுங்கலுக்கு இருந்த ஒரே குறை நாற்றம். நெல் இரண்டு மூன்று நாள் தொட்டியில் கிடந்து ஊறுவதால் வருகிற புளித்த வாடை. வெந்நீரில் சில மணி நேரம் ஊறவைத்து அந்த வாடையே இல்லாமல் செய்கிற வழியை எங்கள் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பழக்கத்துக்குக் கொண்டுவந்தோம். தலைமுடியில் ஒரு பங்கு அதிலேயே போயிற்று. வாடை போய்விட்டால் வெள்ளை அரிசிக்காரர்களும் புழுங்கலுக்கு வருவார்கள், பெரிபெரி ஒழியும் என்பது எங்கள் கணக்கு. அந்த அரிசியைச் சிங்கப்பூர் வியாபாரிகளிடம் காட்டிவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள்.

கப்பலில் மூட்டையை விட நான்தான் அதிகம் புரண்டேன். துறைமுகத்தில் சுங்க அதிகாரி மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். மலாய்க்காரர். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அங்கே நின்ற தமிழ்க் கூலியாள் ஒருவர் எனக்கு மொழிபெயர்த்தார்: "இந்த மனுஷன் சோத்தக் கட்டிக்கிட்டு வந்திருக்கான், நம்ம ஊர்ல பட்டினி கிடப்போம்னு பயம் போலன்னு சொல்றாரு." நானும் சிரித்து வைத்தேன்.

என்னை அழைத்துப்போக வந்தவன் தட்சிணாமூர்த்தி. என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பிரம்பால் அடி வாங்கியவன். யுத்தத்துக்கு முன்பே சிங்கப்பூர் வந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கி, படிப்படியாகக் கிராணி ஆகியிருந்தான். கிராணி என்றால் அந்த ஊரில் குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, பையில் பேனா. என் மூட்டையைப் பார்த்ததும் அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது.

"ஏண்டா, இதத் தூக்கிக்கிட்டா வந்தே? இங்க எஸ்டேட்டுல கூலிக்குப் போடுற அரிசிடா இது. நம்ம வீட்டுல இத விட்டு வருஷமாச்சு லா." அந்த 'லா' சிங்கப்பூர்ப் பேச்சின் வால்.

டிரைஷாவில் ஏறினோம். மூன்று சக்கர மிதிவண்டியின் பக்கத்தில் ஒரு நாற்காலியைக் கட்டியது போன்ற வாகனம். ஒரு பக்கம் அவன், ஒரு பக்கம் நான், நடுவில் பெரிய மனுஷன் மாதிரி மூட்டை. பாதி வழியில் சங்கிலி கழன்றது. வண்டியோட்டும் சீனர் இறங்கி மாட்டினார். மறுபடி கழன்றது. கடைசியில் மூட்டை மட்டும் வண்டியில் வர, நாங்கள் இருவரும் பின்னால் நடந்தே தமிழர்கள் நிறைந்த தேக்கா வட்டாரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

தேக்காவைப் பார்த்ததும் வெளிநாடு வந்த எண்ணமே போய்விட்டது. மல்லிகைப்பூ, மாவு மில், ஒலிபெருக்கி, வெற்றிலைத் துப்பல், ஒன்றுக்கும் குறைவில்லை. ஒரே புதுமை, கோப்பியைக் காலிப் பால் டப்பாவில் ஊற்றி, கயிற்றில் தொங்கவிட்டு எடுத்துப் போனார்கள். எங்கள் ஊரில் சொம்பு தூக்குவதுபோல, கிராணிமார்கள்கூட டப்பா தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு கடைக்கு மேலே மாடியில் தட்சிணாமூர்த்தியின் குடித்தனம். வீட்டில் அவன் மனைவி சரோஜா, மூன்றாம் மாதத்தில் ஒரு பெண் குழந்தை, வீட்டை நடத்துகிற அவன் அக்கா பாக்கியம். பாக்கியம் அக்கா கைம்பெண். தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வாசலிலேயே, "வாங்க தம்பி, பசியாறிட்டீங்களா?" என்றார்.

அந்த வீட்டில் ஒரு பயம் இருந்தது. உள்ளே நுழைந்த அன்றைக்கே அது தெரிந்துவிட்டது. சுவரில் நாட்காட்டி, அதில் வரப்போகிற ஒரு தேதியைச் சுற்றிக் குங்குமப்பொட்டு. இதற்கு முன்னால் பிறந்த பையன் மூன்று மாதம் முடியுமுன் போய்விட்டான் என்று தட்சிணாமூர்த்தி மெல்லிய குரலில் சொன்னான். காய்ச்சல் இல்லை, கட்டி இல்லை. காலையில் பால் குடித்த குழந்தை, மத்தியானம் மூச்சு வாங்கி, விளக்கு வைக்குமுன் போய்விட்டது.

"இது மட்டும் மூணு மாசத்தத் தாண்டிட்டா போதும்டா. பழனிக்கு வந்து மொட்டை போடுறேன்னு வேண்டியிருக்கேன்."

பாக்கியம் அக்கா அந்த நாளை நோக்கிக் குழந்தையைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி சுமந்துகொண்டிருந்தார். இரண்டு கன்னத்திலும் மை. வெளியாள் யாரும் தொடக்கூடாது. தெருவுக்கு எடுத்துப்போகக் கூடாது. நான் கொண்டுபோன கிலுகிலுப்பையை வாங்கி வைத்துக்கொண்டார்கள், குழந்தையைக் காட்டவில்லை. எனக்கு வருத்தமில்லை. ஒன்றைப் பறிகொடுத்த வீடு.

மறுநாள் அரிசி வியாபாரி ஹமீது மரைக்காயர் கடைக்குப் போனேன். நாகூர்ப் பக்கத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர், சட்டைக்கு மேல் அகலப் பச்சை பெல்ட். ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் போட்டுத் தேய்த்தார், மோந்தார், இரண்டு மணியை வாயில் போட்டு மென்றார். பிறகு எனக்குக் கோப்பி வரவழைத்தார். வியாபாரி பதில் சொல்லுமுன் கோப்பி வரவழைத்தால் காரியம் நடக்கப்போவதில்லை என்று அர்த்தம்.

"தம்பி, அரிசி அருமையா இருக்கு. பொய் சொல்லல. ஆனா இத யாருக்கு விப்பேன்? கஷ்டப்பட்ட சனம் புழுங்கல் வாங்குது. அதுக்கு அந்த வாடை வேணும். வாடை இல்லாட்டி, பச்சரிசியில சாயம் போட்டு ஏமாத்துறான்னு சொல்லும். காசு பார்த்த சனத்துக்கு வாடையும் வேணாம், புழுங்கலும் வேணாம். வெள்ளைச் சோறுதான் மருவாதி. உங்க அரிசி நடுவால நிக்குது."

வருடக்கணக்காகப் பாடுபட்டு எதை நீக்கினோமோ அதைக் காணோம் என்று வாங்க மறுக்கிறார்கள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பக்கத்துக் கடைகளிலும் வேறு வேறு வார்த்தைகளில் இதே பதில்தான். ஒரு சீன வியாபாரி அரிசியைத் தொடவே இல்லை. நிறத்தைப் பார்த்து, "இது பழசு" என்று சைகை காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

மாலை நல்ல மழை. நனைந்த கோழியாக வீடு திரும்பி, பரோட்டா தின்றுவிட்டுப் படுத்தேன். பரோட்டா நன்றாக இருந்தது என்பதை மட்டும் மறுக்கமாட்டேன்.

அடுத்த நாள் காலையில் பின்கட்டில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பாக்கியம் அக்கா சோறாக்கினார். சயாம் பச்சரிசி, மல்லிகை அரும்பு மாதிரி வெள்ளை. அதை ஒருமுறை கழுவினார், இருமுறை கழுவினார், தண்ணீர் கண்ணாடியாகத் தெளியும்வரை அரக்கி அரக்கிக் கழுவிக்கொண்டே இருந்தார். பிறகு வேகவைத்து, கஞ்சியைச் சொட்டுவிடாமல் வடித்து, ஒரு தகரத்தில் ஊற்றி வைத்தார். பின்சந்தில் ஒரு சீனர் காவடியில் இரண்டு தகரம் தொங்க வந்து, அந்தக் கஞ்சியை ஊற்றிக்கொண்டு, குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

"யாரக்கா?"

"பொங்கோல்ல பன்னிப் பண்ணை வச்சிருக்காரு தம்பி. தவுக்கேன்னு கூப்பிடுவோம், முதலாளின்னு அர்த்தம். டெய்லி வந்து கஞ்சியும் கழனித்தண்ணியும் எடுத்துக்குவாரு. சீனப் பெருநாளைக்கு முட்டை கொண்டாந்து குடுப்பாரு. நல்ல மனுஷன்."

அரிசியில் மிச்சம் இருந்த கொஞ்சநஞ்சச் சத்தும் கழனித்தண்ணீரிலும் கஞ்சியிலும் இறங்கிப் பொங்கோல் பன்றிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊரிலும் வடிக்கிறார்கள்தான். ஆனால் அங்கே புழுங்கல், கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கவும் செய்வார்கள். தட்சிணாமூர்த்தியிடம் இதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

"ஜப்பான்காரன் காலத்துல மூணு வேளையும் மரவள்ளிக்கிழங்குடா. எங்கக்கா தான் திங்காம எனக்குக் குடுத்துச்சு. அப்பவே சத்தியம் பண்ணேன், ஒருநாள் இந்த வாய்க்கு வெள்ளைச் சோறு போடுவேன்னு. அதுல வந்து சத்து, கித்துன்னு சொல்லாத."

பட்டினி கிடந்தவனிடம் சோற்றைக் குறை சொன்னால் பாவம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் சரோஜா எனக்குச் சாப்பாடு போட வந்தாள். நடக்கும்போது ஒரு காலில் செருப்பு கழன்று பின்னாலேயே கிடந்தது, அவளுக்குத் தெரியவில்லை. நான் சுட்டிக்காட்டியதும் சிரித்தாள்.

"இப்பல்லாம் அப்படித்தான் அண்ணே. கால்ல செருப்பு இருக்கா இல்லையான்னே தெரியல. எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும், அப்புறம் மரத்துடும்."

"பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருக்கும்" என்றார் பாக்கியம் அக்கா.

கையைச் சோற்றிலிருந்து எடுத்தேன். சரோஜா என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். பாக்கியம் அக்கா பெருமையாகச் சொன்னார். பிள்ளை பெற்றவளுக்கு எல்லோரும் நாற்பது நாள் பத்தியம் வைப்பார்கள். மூத்தது போய்விட்டதால் இந்தமுறை அவர் பத்தியத்தை விடவே இல்லை. பருப்பு வாயு, கீரை குளிர்ச்சி, முட்டை மாந்தம், காய்கறி ஆகாது. வடித்த வெள்ளைச் சோறு, மிளகுத் தண்ணீர், சுட்ட கருவாடு, மெல்லுவதற்கு வெற்றிலை பாக்கு. மூன்று வேளையும் அதுதான், மாதக்கணக்காக.

"பாலு சுத்தமா இருக்கணும்ல தம்பி."

அவர் கண்ணில் இருந்தது அன்பு. வேறு எதுவும் இல்லை. அதனால்தான் பயந்தேன். தாயின் உடம்பில் இல்லாத சத்து தாய்ப்பாலில் எங்கிருந்து வரும்?

"அக்கா, குழந்தையை ஒரு தடவை பார்க்கணும்" என்றேன். அவர் தயங்கினார். சரோஜா உள்ளே போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. கொழுகொழுவென்று, சலவைக்கல் மாதிரி. காலை விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, உடனே மேலெழவில்லை. கொழுப்பு இல்லை, நீர். உதட்டைச் சுற்றி லேசான நீலம். நான் அழுத்தியது வலித்திருக்க வேண்டும். முகம் சுளித்தது, சிவந்தது, வாய் முழுதும் திறந்தது, தொண்டை நரம்பு புடைத்தது, கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சத்தம் வரவில்லை.

நான் அதைப் புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன். எதிரே பார்த்தபோது காது செவிடாகிவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். கீழே கடையில் தராசுத் தட்டு இடிக்கிற சத்தம் கேட்டது. குழந்தை அழுவது மட்டும் கேட்கவில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வாரமா அழுறதே இல்ல தம்பி" என்றார் பாக்கியம் அக்கா. "சமத்து. பக்கத்து வீட்டுக்காரங்ககூட, இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்ததில்லைன்னு சொல்றாங்க. அதான் கண்ணு படும்னு யாருக்கும் காட்டுறதில்ல."

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"பிள்ளை அழலைன்னு யாராச்சும் ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா? வெளியில பாருங்க, மழை ஊத்துது. செவ்வாக்கிழமை வேற. மூணு மாசம் ஆகாம படியிறக்க மாட்டேன்."

தட்சிணாமூர்த்தி வேலையில் இருந்தான். நான் அந்த வீட்டுக்கு விருந்தாளி, டாக்டரும் இல்லை. ஆனால் பயம் வந்துவிட்டால் மரியாதை மறந்துபோகும். "இது சமத்து இல்லைக்கா, நோவு. தொண்டை செத்துப்போச்சு. அடுத்து நெஞ்சு நின்னுடும்" என்று கத்தியே விட்டேன்.

பாக்கியம் அக்கா சுவரில் சாய்ந்தார். சரோஜா குழந்தையைத் துண்டில் சுற்றி, மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டாள். செருப்பு இரண்டும் படியிலேயே கிடந்தன.

தெருவில் முழங்கால் தண்ணீர். ரோச்சோர் கால்வாய் நிரம்பி ரோட்டுக்கு வந்திருந்தது. பஸ்கள் நின்ற இடத்திலேயே நின்றன. ஒரு டிரைஷாக்காரரைக் கெஞ்சிப் பிடித்தேன். சிறிது தூரம் மிதித்தார். சக்கரம் முங்கியதும் கீழே இறங்கி, வண்டியை மாடு மாதிரி இழுக்க ஆரம்பித்தார். நானும் இறங்கிப் பின்னால் தள்ளினேன். சரோஜா வண்டியை மூடியிருந்த எண்ணெய்த்துணிக்கு உள்ளே குழந்தையின் மூக்கில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். "இருக்கு அண்ணே… இருக்கு அண்ணே" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருமுறை சற்று நேரம் அந்தக் குரல் வரவில்லை. நான் தள்ளுவதை நிறுத்தவில்லை. திரும்பவும் வந்தது.

ஆஸ்பத்திரியில் சீனப் பெண் டாக்டர் ஒருவர், நடுத்தர வயது. குழந்தையின் நெஞ்சில் குழாயை வைத்தவர் நர்ஸிடம் சளிக்காய்ச்சல் என்று எழுதச் சொன்னார். நான் குறுக்கே விழுந்து, தாயின் கால், பத்தியம், வெள்ளைச் சோறு, வராத குரல் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கொட்டினேன். அவர் குழாயை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் டாக்டரா?"

"இல்லை. அரிசிக்காரன்."

அவர் மறுபடி குழந்தையின் காலை அழுத்திப் பார்த்தார். அடுத்த கணம் நர்ஸ் ஓடினாள். தவிட்டில் இருக்கிற அதே சத்து, பி1 வைட்டமின் ஊசி, குழந்தைக்கு ஒன்று, தாய்க்கு ஒன்று. ஊசி போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "யுத்தத்தின்போது இதை நிறையப் பார்த்தேன். பசியால் வந்தது. இப்போது வயிறு நிறைந்த வீட்டிலிருந்து வருகிறது. அதனால் கண் ஏமாந்துபோகிறது."

மாலைக்குள் குழந்தையின் மூச்சு சீரானது. உதட்டு நீலம் மெல்ல வெளுத்தது. மழை விட்டு, தட்சிணாமூர்த்தி ஈரச் சட்டையோடு ஓடிவந்தபோது அது பால் குடித்துக்கொண்டிருந்தது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அந்த நிமிஷம் பெருமையாக இருந்தது, மறைப்பானேன். டாக்டருக்குக் கும்பிடு போடுவார்கள். எங்கள் தொழிலில் நோய் வராமல் தப்பித்தவன் தப்பித்ததையே அறியமாட்டான், யாருக்குக் கும்பிடு போடுவான்? ஒரு உயிரை முகம் பார்த்துக் காப்பாற்றியது என் வேலைக்காலத்தில் அந்த ஒரு தடவைதான்.

அடுத்த சில நாட்கள் மூட்டையோடு அலைவதை விட்டுவிட்டேன். பெண் டாக்டர் கேட்டுக்கொண்டபடி ஆஸ்பத்திரி வராந்தாவில் தமிழ்த் தாய்மார்களுக்குப் புழுங்கலைப் பற்றிச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார்கள். முடிவில் ஒரு பெண், "எல்லாம் சரிதான் சார், சோறு வெள்ளையா வருமா?" என்றாள். வராது என்றேன். எழுந்து போய்விட்டாள்.

மரைக்காயரிடமும் நடந்ததைச் சொன்னேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "அல்லா காப்பாத்துனான்" என்றார். உடனே, "ஆனா இதச் சொல்லி அரிசி விக்க முடியாது தம்பி. ஒரு பிள்ளை பொழைச்ச கதையைச் சொன்னா, செத்த பிள்ளை உள்ளவங்க என்ன நெனைப்பாங்க? அத யோசிச்சீங்களா?" என்றார். நான் யோசித்திருக்கவில்லை.

வீட்டில் எல்லாம் மாறியிருந்தது. பாக்கியம் அக்காவே என் மூட்டையைப் பிரித்தார். வடிக்காமல் பொங்கி, பருப்பும் கீரையும் வைத்துச் சரோஜாவுக்கு ஊட்டாத குறையாகப் போட்டார். காலையில் பண்ணைக்காரர் வந்தபோது, "இனிமே கஞ்சி கிடையாது தவுக்கே, எங்களுக்கே வேணும் லா" என்று வெறும் தகரத்தைக் கவிழ்த்துக் காட்டினார். அவருக்கு என்ன புரிந்ததோ, குழந்தை இருந்த பக்கம் பார்த்துச் சிரித்துவிட்டு, இடுப்புத் துணியிலிருந்து இரண்டு முட்டையை எடுத்துப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

நான் புறப்படுகிற அன்று காலையில் குழந்தை அழுதது. தொண்டையில் தகரம் உரசினதுபோல, கரகரவென்று ஒரு சின்னச் சத்தம். பாக்கியம் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். "அழுவுறா! எம் பொண்ணு அழுவுறா! எல்லாரும் வந்து கேளுங்க!" கண் படும் என்று ஒளித்துவைத்த குழந்தையை, சந்து முழுக்க ஒவ்வொரு வாசலிலும் நின்று காட்டினார். கீழ்க்கடைக்காரர் சர்க்கரை அள்ளிக் கொடுத்தார். தட்சிணாமூர்த்தி டப்பா நிறையக் கோப்பி வாங்கப் போனான்.

எனக்குச் சோறு போட்டவள் சரோஜா. நான் கொண்டுபோன அரிசிச் சோறு. பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். காலில் செருப்பு இல்லாமல் தரையைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டாள்; உணர்வு திரும்பத் தொடங்கியிருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"எம் மூத்தவனும் கடைசி ஒரு வாரம் அழுவல. சமத்துப் பிள்ளைன்னு அக்கா நெட்டி முறிச்சாங்க. காலு இதே மாதிரி பளபளன்னு இருந்துச்சு." நிறுத்தினாள். "அவனுக்கும் இதேதானா?"

மரைக்காயர் சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. வாசலில் பாக்கியம் அக்காவின் சிரிப்பு கேட்டது. பிடித்த கவளத்தை இலையில் வைத்துவிட்டேன்.

"பார்க்காத குழந்தையைப் பத்தி எப்படிம்மா சொல்ல முடியும்? எவ்வளவோ காரணம் இருக்கும்."

விஞ்ஞானியின் பதில்தான். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு தலையை ஆட்டினாள்.

"ஒரு ஊசியில சரியாயிருக்கும், இல்ல?"

நான் இலையை மூடினேன்.

"எம் பாலுதான்" என்றாள். "பசிக்குதுன்னு அவன் வாயைத் திறக்கத் திறக்கக் குடுத்தேன்."

"சரோஜா, அப்படி நினைக்காதே. உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சா பரவாயில்ல அண்ணே. அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. ஆக்கிப் போட்டது அவங்க. தாங்க மாட்டாங்க."

வாசல் பக்கம் காலடி கேட்டது. பாக்கியம் அக்கா குழந்தையோடு உள்ளே வந்துகொண்டிருந்தார். "சரோஜா, கேட்டியா, கேட்டியா, என்ன சத்தம் போடுறா பாரு!" என்றார். குழந்தை கரகரவென்று அழுதது. சரோஜா சட்டென்று அடுப்பு இருக்கும் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பக்கவாட்டில் எனக்கு மட்டும் அவள் முகம் தெரிந்தது. வாய் முழுதும் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணீர் தாடையில் இறங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் வரவில்லை.